ஆணிக்காரர் லீவு எடுத்த வாரம்

என் தையல் மிஷினுக்குக் கீழே ஒரு பழைய கம்பளி எப்போதும் மடித்துப் போட்டிருக்கும். துணி கொடுக்க வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "தரை தேயாம இருக்கவா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டி வைப்பேன். உண்மையான காரணம் மாடியில் படுத்துக் கிடக்கும்.

மாடியில் குடியிருப்பது ஆணிக்காரர் குடும்பம். அவரும் அவர் வீட்டுக்காரியும் ஒரே மகளும். ஆணித் தொழிற்சாலையில் அவருக்கு நிரந்தரமாக இரவு ஷிப்டு. விடிந்து பால்காரர் போன பிறகு படியேறி வருவார், டீயைக் குடிப்பார், படுப்பார். அவர் படுத்ததிலிருந்து சாயங்காலம் எழுந்திருக்கும்வரை அந்த வீட்டில் ஒரு கரண்டிகூட வாய் திறக்காது. அலமாரியில் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே துணி விரித்திருப்பாள் அவர் வீட்டுக்காரி. அந்தத் துணியெல்லாம் நான் வெட்டிப்போட்ட துண்டுகள்தான். கதவுக் கீலுக்கு வாராவாரம் எண்ணெய். அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கி எத்தனையோ வருஷம் ஆயிற்று. யாரோ பரிசாகக் கொடுத்த குக்கர் விசில் அடித்துவிடும் என்று பெட்டியைவிட்டு வெளியே வந்ததே இல்லை. காய்கறி வண்டிக்காரர் தெருமுனைவரை தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வருவார், எங்கள் வாசலில் மட்டும் கப்சிப். கீழே நின்று ஒரு கட்டுக் கீரையைத் தூக்கிக் காட்டுவார். அவள் மேலேயிருந்து வேண்டும் வேண்டாம் என்று விரலை ஆட்டுவாள்.

நானும் பகலில் பொத்தான், காஜா என்று கைவேலையாகப் பார்த்துக்கொண்டு, மிஷின் வேலையை அவர் ஷிப்டுக்குக் கிளம்பிய பிறகு வைத்துக்கொள்வேன். எனக்குக் கோபம் வராதா என்றால் வரும், நன்றாகவே வரும். ஆனால் அவள் குடிவந்த புதிதில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ராத்திரி பூரா நின்னுட்டு வர்றாருக்கா" என்று கெஞ்சின முகத்தை நினைத்தால் கோபம் கரைந்துவிடும்.

இதில் மாட்டிக்கொண்டது அவர்கள் மகள். கட்டடத்தில் எல்லோரும் அவளைக் குசுகுசு என்றுதான் கூப்பிடுவோம். குழந்தையாக இருந்தபோது அழுவாள், வாய் மட்டும் அகலமாகத் திறக்கும், சத்தம் வராது. இப்போது வளர்ந்து டீச்சர் படிப்பு முடித்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே டீச்சர்தான் ஆவேன் என்று என் துணிமூட்டைகளை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் எடுத்தவள். ஆனால் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்ன இரண்டு பள்ளிக்கூடத்திலும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து கேட்பாராம். "பாடம் எல்லாம் நல்லாத்தான் நடத்தறீங்க, ஆனா இங்க ஒண்ணுமே காதுல விழலையேம்மா" என்றாராம் ஒருவர். இன்னொருவர் மாத்திரை ஏதாவது சாப்பிடச் சொன்னாராம். மூன்றாவதாக ஒரு பள்ளிக்கூடம், ஆணிக்காரர் லீவில் இருந்த அந்த வாரம் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தது.

"இதுவும் போச்சுன்னா நான் ஏதாவது கடையில பில்லு போடப் போயிடறேன் அத்தை" என்றாள் என்னிடம். அதையும் நான் பக்கத்தில் போய்க் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

அதற்கு முந்தைய வாரக் கடைசியில், விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், தொழிற்சாலை ஆபீசிலிருந்து ஒரு பெண் குடையோடு வந்தாள். மேலே ஏறி மணியை அழுத்திப் பார்த்தாள், வேலை செய்யவில்லை. கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். நான் கீழேயிருந்து, "ஐயோ, தட்டாதீங்க!" என்று காற்றாகக் கத்தினேன். அதற்குள் மேல்வீட்டுக்காரியே கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் நின்று பேசினார்கள். நான் ஒட்டுக் கேட்டேன் என்று சொல்லாதீர்கள். என் கதவு திறந்திருந்தது, காதும் அங்கே இருந்தது.

"சார் போனே எடுக்க மாட்டேங்கறாரு" என்றாள் ஆபீஸ் பெண். "இந்த வருஷ லீவு முழுக்க அப்படியே கெடக்குங்க. போன வருஷமும் இப்படித்தான், வீணாப் போச்சு. போன மாசம் பக்கத்து மிஷின்ல ஒருத்தர் அசதியில கைய உள்ள விடப் பாத்தாரு, விரல் தப்பிச்சதே பெருசு. அவரும் லீவே எடுக்காத ஆள்தான். அதனால புது மேனேஜர் கறாரா சொல்லிட்டாரு. திங்கக்கிழமையில இருந்து ஒரு வாரம் சார் மிஷின் பக்கமே வரக்கூடாது. வந்தா கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவாங்க."

"லீவா? அவருக்கா?" என்றாள் மேல்வீட்டுக்காரி. "அங்க லீவே தரமாட்டாங்களாமே?"

ஆபீஸ் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். "யாருங்க சொன்னா? எடுங்க சார் எடுங்க சார்னு நான்தான் வருஷா வருஷம் கெஞ்சிட்டிருக்கேன்."

அவள் குடையை விரித்துக்கொண்டு போன அடுத்த நிமிஷம் மேல்வீட்டுக்காரி என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அவர்கள் வீட்டில் சண்டை, அழுகை என்று எது வந்தாலும் என் வீட்டில் வந்துதான் முடித்துக்கொள்வார்கள், மேலே வசதிப்படாது. துண்டுத் துணி மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், மூட்டை அதிர்ந்தது.

"என் வயித்தக் கிழிச்சுக் கல்லு எடுத்தாங்களே, அன்னிக்கு எங்க இருந்தாரு? காலையில வந்து ஆஸ்பத்திரி பெஞ்சுல கண்ணு செவந்து உக்காந்திருந்துட்டு, சாயங்காலம் ஷிப்டுக்குப் போயிட்டாரு. லீவு கேட்டேன், தரலன்னாரு. ஐயோ பாவம்னு நான்தான் தையல் போட்ட வயித்தோட அவரு தலையத் தடவிக் கொடுத்தேன். என்ன மாதிரி முட்டாள் உண்டாக்கா?"

"கேட்டுப் பாரேன் அவரையே."

"தூங்கறாரே!" என்றாள். அந்தக் கோபத்திலும் குரல் தானாக இறங்கிவிட்டது. பிறகு மெல்ல, "வேற யாராவது இருப்பாங்களாக்கா?" என்றாள்.

"ஆணி பேக்டரியிலயா? அங்க இருக்கறது பூரா ஆணிதான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

எனக்கோ மண்டை குடைந்தது. சம்பளத்தோடு லீவு தருகிறேன் என்கிறான், வேண்டாம் என்று ஒரு மனுஷன் பொய் சொல்லிவிட்டு இரும்புக்கு நடுவே போய் நிற்கிறான் என்றால் என்ன அர்த்தம்? குடிக்கிறவர் இல்லை, சீட்டாடுகிறவர் இல்லை. பெண்டாட்டியை அதட்டி நான் கேட்டதில்லை. துணியை வெட்டிக்கொண்டே யோசித்து ஒரு கை நீளத்தைக் குறைத்துவிட்டேன். யாருடைய சட்டை என்று சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பிப் போனார். சொன்னபடியே கேட்டிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். மழையில் நனைந்துகொண்டு அதே தூக்கோடு திரும்பி வந்தார். அவள் அவரோடு பேசுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள். அதில் ஒரு கஷ்டம், அவள் கோபத்தில்தான் பேசாமல் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. எப்போதும் போலத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை முழுக்க வீட்டுக்குள்ளேயே சுற்றினாராம். கதவுக் கீலைப் பார்த்தார், ஏற்கனவே எண்ணெய் சொட்டியது. ஜன்னல் கொக்கியை முறுக்கினார், அதுவும் முறுக்கித்தான் இருந்தது. தாயும் மகளும் சமையலறையில் ஒருவரையொருவர் புருவத்தைத் தூக்கிப் பேசிக்கொண்டார்கள். அவர் உள்ளே எட்டிப் பார்த்தால் அந்தப் புருவமும் இறங்கிவிடும்.

புதன்கிழமை காலை என் வாசலில் வந்து நின்றார். கையில் அவருடைய வேலைச் சட்டை, பை கிழிந்திருந்தது.

"டெய்லரம்மா, இத ஒரு தையல் போட்டுத் தரணும். அவசரமில்ல."

"உக்காருங்க, இருந்தே வாங்கிட்டுப் போங்க" என்றேன். எனக்குக் கிடைத்த வாய்ப்பை விடுவேனா? எப்படியாவது வாயைக் கிளறிவிட வேண்டும். ஆனால் கையில் ஒரு ஓட்டலுக்குக் கொடுக்க வேண்டிய திரைச்சீலை மலையாகக் குவிந்திருந்தது. ஆள்தான் விழித்துக்கொண்டிருக்கிறாரே, இனி யாருக்குப் பயம் என்று பகல் வெளிச்சத்தில் மிஷினைப் போட்டேன். ஆசை தீர மிதித்தேன். ஒரு நீளத் தையலை ஓட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், மனுஷன் நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்குகிறார்.

நூல் தீர்ந்தது. மிஷினை நிறுத்தினேன். சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். "என்னாச்சு? கம்பி சிக்கிடுச்சா?"

"நூல் தீந்துடுச்சுங்க. உக்காருங்க."

நூலை மாற்றி ஓட்டினேன். தலை தொங்கியது. நிறுத்தினேன், கண் திறந்தது. மறுபடி ஓட்டினேன், தொங்கியது. நிறுத்தினேன், திறந்தது. வயதுக்கு மரியாதை இல்லாமல் நான் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டேன். கடைசியில் அவரே கண்டுபிடித்து வெட்கத்தோடு சிரித்தார்.

"எங்க ஆளுங்க எல்லாருமே இப்படித்தான்மா" என்றார். "இந்தப் பக்கம் கம்பிச் சுருள் உள்ள போகும், அந்தப் பக்கம் ஆணியா கொட்டும். பிடிக்கறது, வெட்டறது, தலையில அடிக்கறது எல்லாம் ஒரே தடதட. அது ஓடற வரைக்கும் கவலையே இல்ல. நின்னாத்தான் ஆபத்து, என்னமோ சிக்கியிருக்குன்னு அர்த்தம். சாப்பாட்டு நேரத்துல கம்பிச் சுருள் மேல சாய்ஞ்சேன்னா அப்படி ஒரு தூக்கம் வரும். மிஷின் நின்னா மட்டும் தூக்கிவாரிப் போடும்."

"அப்ப வீட்டுல?"

"வீட்டுல எங்கம்மா தூங்கறது?" என்றார். "கண்ண மூடிட்டுக் கெடப்பேன். அங்க ஒரு ஈ பறக்கற சத்தம்கூடக் கேக்காதே. என்னமோ நின்னு போச்சு, என்னமோ நின்னு போச்சுன்னு உள்ளுக்குள்ள அடிச்சிட்டே இருக்கும்."

எனக்கு மிஷின் சக்கரத்தில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. துணி விரித்த தட்டுகள், எண்ணெய் குடித்த கீல்கள், பெட்டியிலேயே கிடக்கும் குக்கர், என் கம்பளி எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. இருந்தாலும் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"லீவு ஏன் எடுக்க மாட்டேங்கறீங்க?"

கிழிந்த சட்டைப் பையைத் தடவினார். "எடுத்து என்ன பண்றது? காலையில படியேறி வரும்போது உள்ள சிரிச்சிட்டிருப்பாங்க ரெண்டு பேரும். வெளியவே கேக்கும். கேட்டுட்டே ஒரு நிமிஷம் அங்கயே நிப்பேன். கதவத் திறந்தேன்னா போச்சு, இழவு வீடு மாதிரி ஆயிடும். நான் இருந்தா அவங்களுக்குப் பிடிக்கலம்மா. நான் ஒண்ணும் கோவிச்சுக்கல. எதுக்கு நாள் பூரா அங்க உக்காந்து அவங்க சந்தோஷத்தக் கெடுக்கணும்? லீவு தரலன்னு சொல்லிட்டா யாருக்கும் சங்கடமில்ல பாருங்க."

"அட மனுஷா!" என்று கத்திவிட்டேன். எழுந்து படிக்கட்டுக்கு வந்து, அந்தக் கட்டடத்தில் யாரும் கத்தாத கத்தாக, "ரெண்டு பேரும் உடனே கீழ வாங்க!" என்றேன். தாயும் மகளும் அவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்து, ஈரக் கையோடு பேயறைந்த மாதிரி ஓடி வந்தார்கள்.

"இப்ப சொல்லுங்க, எங்கிட்டச் சொன்னத அப்படியே சொல்லுங்க" என்றேன் அவரிடம். அவர் எங்கே சொல்கிறார், தரையைப் பார்த்தார். நானே சொன்னேன். சத்தம் இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும் என்பதையும் சொன்னேன், லீவு விஷயத்தையும் சொன்னேன். மேல்வீட்டுக்காரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் அவரிடம். "இவ தவழ்ற குழந்தை. கரண்டிய வச்சுத் தட்டத் தட்டிட்டிருந்தா. நீங்க டம்ளரத் தூக்கி செவுத்துல எறிஞ்சீங்க. இந்த வீட்டுல ஒரு மனுஷன் தூங்க முடியாதான்னு கேட்டீங்க. அன்னிக்கு முடிவு பண்ணேன், இனி உங்க தூக்கம் கெட விடக்கூடாதுன்னு."

அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, கன்னத்தைத் தடவி யோசித்தார். கன்னத்தைத் தடவின கை அங்கேயே நின்றது.

"அன்னிக்கு எனக்குப் பல்வலி" என்றார்.

"என்னது?"

"கடவாய்ப் பல்லு. மறுநாளே புடுங்கிட்டேனே, ஞாபகமில்லையா?"

அவள் அப்படியே துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "ஆஸ்பத்திரியில?" என்று கேட்டாள். அது ஒன்றுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. "அன்னிக்குக்கூடவா என் பக்கத்துல இருக்கத் தோணல?"

"நான் உள்ள வந்தப்ப நர்சோட சிரிச்சுப் பேசிட்டிருந்தே. என்னப் பாத்ததும் கண்ண மூடிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்ட. நான் இருக்கறது உனக்குப் பாரம்னு நெனச்சேன்."

"ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்கீங்க, நான் பேசினா நீங்களும் பேசணுமேன்னு திரும்பிட்டேங்க! பெஞ்சுலயாவது கொஞ்சம் கண்ணசரட்டும்னு..."

"கேட்டிருக்கலாமில்ல?"

"நீங்க சொல்லியிருக்கலாமில்ல?"

இருவரும் மாறி மாறிப் பேச ஆரம்பித்தார்கள். நடுவே அந்தப் பெண் என்னமோ சொன்னாள், யார் காதிலும் விழவில்லை. மறுபடி சொன்னாள். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள், அவர் கவனிக்கவில்லை. பிறகு அவள் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன்.

"வாய மூடுங்க ரெண்டு பேரும்!"

என் கத்தரிக்கோல் கீழே விழுந்தது. தெருவில் காய்கறி வண்டிக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு பல்லுக்கு என் தொண்டையே போச்சு! ரெண்டு ஸ்கூல் போச்சு! கடைசி பெஞ்சுக்குக் கேக்கல கேக்கலன்னு மானத்த வாங்கினாங்க! உங்க தூக்கத்துக்குன்னு நெனச்சுப் பொறுத்துக்கிட்டேன்ப்பா, நீங்க தூங்கவே இல்லையா? அப்ப நாங்க யாருக்காக இப்படி வாழ்ந்தோம்?"

சொல்லிவிட்டுத் தன் குரலுக்குத் தானே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஆணிக்காரர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்?

"இவ்வளவு நல்ல குரலா உனக்கு?" என்றார். "இன்னொரு தடவ திட்டேன்."

வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு இருப்புக் கொள்ளாது. வேலை கிடைத்துவிட்டது. தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சிலிருந்து, "கொஞ்சம் மெதுவாவே சொல்லலாம்மா, பக்கத்து வகுப்புல பரீட்சை நடக்குது" என்றாராம். ஆணிக்காரர் லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாளே ஆபீஸ் பெண்ணிடம், அடுத்த வருஷ லீவு எப்போதிலிருந்து எடுக்கலாம் என்று கேட்டாராம். அவள் அதைச் சொல்ல மெனக்கெட்டு எங்கள் தெருவரை வந்தாள். இந்தத் தடவை கதவைத் தடதடவென்று தட்டினாள். ஆனால் எனக்கு மனசில் நிற்பது இதெல்லாம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் மத்தியானம்தான்.

அன்றும் தூறல். காயாத துணிகள் படிக்கட்டுக் கைப்பிடி முழுக்கத் தொங்கின. மேலே குக்கர் விசில் அடித்த சத்தத்தில் நான் ஊசியைக் கையில் குத்திக்கொண்டு, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று ஏறிப் போனேன். உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மேல்வீட்டுக்காரி அடுப்பருகே கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு விசிலுக்கும் புதுப் பெண் மாதிரி சிரித்தாள். தட்டுகளுக்கு நடுவே இருந்த துணியை எல்லாம் எடுத்து மூலையில் போட்டிருந்தாள்.

மகள் கூடத்தில் நின்று ஆவியாதல் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். கையில் அப்பாவின் ஈரச் சட்டை. கடைசி அறையில் கட்டிலை ஜன்னல் ஓரமாகத் தள்ளி, "அப்பா, நீங்கதான் கடைசி பெஞ்ச். கேக்கலன்னா கையத் தூக்குங்க" என்று அவரை உட்கார வைத்திருந்தாள். முதலில் இரண்டு தடவை கையைத் தூக்கினாராம். குரல் ஏற ஏறத் தூக்கவில்லையாம்.

"ஈரத் துணியில இருக்கற தண்ணி எங்க போகுது?" என்று கேட்டாள். சுவரில் மோதித் திரும்பி வந்தது குரல். "சூடு இருந்தா சீக்கிரம் போகும். காத்து அடிச்சாலும் சீக்கிரம் போகும். இப்ப மழை பெய்யுது, ஏன் காயல? யாரு சொல்றீங்க?"

யாரும் சொல்லவில்லை. எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் கட்டிலில் ஒருக்களித்து, ஒரு கையைக் கன்னத்துக்குக் கொடுத்து, முழங்காலை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தார். என் நாற்காலியில் தூங்கியது போலக்கூட இல்லை. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. இத்தனை வருஷமாக அவரைப் பார்க்கிறேன், அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

அவ்வளவுதான், பழைய வழக்கம் வந்துவிட்டது. அவள் உதட்டில் விரலை வைத்தாள். "அப்பா தூங்கறாரு" என்று காற்றாகச் சொன்னாள். அம்மா குடுகுடுவென்று போய் அடுப்பை அணைத்தாள். நானும்கூட செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். வீடு கப்சிப் ஆயிற்று.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"ஏம்மா, என்ன நின்னுடுச்சு?" என்று அவர் குரல் பதறிக்கொண்டு வந்தது. "ஏன் நிறுத்திட்டே? ஓட்டு, ஓட்டு."

அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பை மறுபடி பற்ற வைத்தாள். மகள் ஈரச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.